பழைய டீசல் காருக்குக் கடும் குளிரில் எந்த எஞ்சின் ஆயில்?

பழைய டீசல் கார் வைத்திருப்பவருக்கு யாரைக் கேட்டாலும் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: "வண்டி பழசாகிவிட்டது, கெட்டியான ஆயிலா பார்த்து ஊத்துங்க." வெயில் அடிக்கும் இடங்களில் இதனால் பெரிய கேடு வருவதில்லை. மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி என்று இறங்கும் இடங்களில் இதே யோசனை காலையில் வண்டியைக் கிளம்பவிடாது. கிளம்பினாலும் எஞ்சினை உள்ளுக்குள் அரித்துவிடும்.

ஆயில் டப்பாவின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்பது போல. இரண்டும் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அவை இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகள். முதல் எண்ணை முடிவு செய்வது நீங்கள் இருக்கும் இடத்தின் மிகக் குளிரான காலை. இரண்டாம் எண்ணை முடிவு செய்வது உங்கள் எஞ்சின். வண்டிக்கு வயதாகிவிட்டதே என்று எதையாவது கூட்ட நினைத்தால் இரண்டாம் எண்ணைத்தான் யோசிக்கலாம். முதல் எண்ணைக் கூட்டக் கூடாது. ஏன் என்பதற்கு, டீசல் எஞ்சின் குளிரில் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. டீசலில் அது கிடையாது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை இறுக்குகிறது, இறுகிய காற்று சூடாகிறது, அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பழைய டீசல் கார்களில் காற்று சுமார் இருபதில் ஒரு பங்காக, சிலவற்றில் இருபத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கப்படும். மெர்சிடிஸின் ஓஎம்617, பெஜோ-சிட்ரோயன் வண்டிகளில் வந்த எக்ஸ்யூடி போன்ற எஞ்சின்களில் டீசல் நேரே சிலிண்டருக்குள் போகாது. சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் ஒரு சிறு அறைக்குள் தெளிக்கப்படும். அந்த அறையின் சுவர் சில்லிட்டுக் கிடந்தால் காற்றின் சூட்டை அது வாங்கிக்கொண்டுவிடும். அதை ஈடுகட்டத்தான் அறையை மின்சாரத்தால் சூடேற்றும் குளோ பிளக் இருக்கிறது.

ஆனால் குளோ பிளக் மட்டும் போதாது, எஞ்சின் வேகமாகச் சுற்றவும் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றினால், காற்று இறுகும் அந்தக் கணத்திலேயே சூடு சுவர் வழியாக வெளியேறிவிடும். கூடவே பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் காற்றும் கசியும். ரிங்குகள் தேய்ந்த பழைய எஞ்சினில் இந்தக் கசிவு இன்னும் அதிகம். வேகமாகச் சுற்றினால் கசியவும் குளிரவும் நேரம் இருக்காது. ஆக, புது எஞ்சினைவிடப் பழைய எஞ்சினுக்குத்தான் கிளம்பும்போது வேகம் அதிகம் தேவை.

அந்த வேகத்தைத் தடுப்பது எது? குளிரில் இறுகிப்போன ஆயில். கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் எல்லாம் அதைப் பிளந்துகொண்டு சுற்ற வேண்டும். அதே நேரத்தில் பேட்டரியும் சோர்ந்து கிடக்கும். மைனஸ் 18 டிகிரியில் நல்ல நிலையில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரியே ஏறத்தாழ பாதித் திறனைத்தான் கொடுக்கும். கேட்பது கூடுகிறது, கொடுப்பது குறைகிறது. வண்டி பழசு என்பதற்காக 20டபிள்யூ-50 ஊற்றினால் இந்த இடைவெளி இன்னும் விரியும். எஞ்சினின் வயது குளிர்ப்பக்கத்தில் கெட்டியான ஆயிலைக் கேட்கவில்லை, இளக்கமான ஆயிலைத்தான் கேட்கிறது. பெரும்பாலானோர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இந்த இடத்தைத்தான்.

முதல் எண்: குளிரில் நடப்பது

எஸ்ஏஇ எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1911இல் இருந்தே ஆயிலைப் பாகுநிலைப்படி, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பதன்படி, வகைப்படுத்தி வருகிறது. இன்று உலகம் முழுவதும் பயன்படும் அந்தத் தரத்தின் பெயர் ஜே300. அதில் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் எண் வெப்பநிலை அல்ல. 5டபிள்யூ என்றால் 5 டிகிரி வரை தாங்கும் என்றோ, மைனஸ் 5 வரை தாங்கும் என்றோ பொருள் கொள்ளக் கூடாது. அது ஒரு வகுப்பின் பெயர், அவ்வளவுதான். எண் சிறியதாக இருக்க இருக்க, குளிரில் ஆயில் இளக்கமாக இருக்கும்.

ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது, ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது ஆயில் எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பது. 15டபிள்யூ ஆயிலின் பாகுநிலை மைனஸ் 20 டிகிரியில் 7,000 மில்லிபாஸ்கல்-விநாடி என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது. 10டபிள்யூ ஆயிலுக்கு அதே வரம்பு மைனஸ் 25இல். 5டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 30இல் 6,600. 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35இல் 6,200. இந்த எண்களை நினைவில் வைக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வரம்பு ஏறத்தாழ ஒரே அளவுதான், வகுப்புக்கு வகுப்பு மாறுவது அந்த வரம்பு சோதிக்கப்படும் குளிர்.

இந்தக் குளிரில் வெப்பநிலை 5 டிகிரி இறங்கினால் ஆயிலின் பாகுநிலை ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதாவது மைனஸ் 20இல் தன் வரம்பில் நிற்கும் 15டபிள்யூ ஆயில், மைனஸ் 30க்குப் போனால் நான்கு மடங்கு இறுகியிருக்கும். அதே மைனஸ் 30இல் 5டபிள்யூ ஆயில் இன்னும் தன் வரம்புக்குள் இருக்கும். டப்பாவில் பார்த்தால் 5க்கும் 15க்கும் பெரிய வித்தியாசம் இல்லாததுபோல் தோன்றும். விடியற்காலையில் சாவியைத் திருப்பும்போது அந்த வித்தியாசம் வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதாக இருக்கும்.

இரண்டாவது சோதனை இதைவிட முக்கியமானது; ஆனால் இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எஞ்சின் சுற்றத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் கிடக்கும் ஆயிலை ஆயில் பம்ப் உறிஞ்சி மேலே அனுப்ப முடிகிறதா? ஸ்டார்ட்டர் சுற்றிவிடும் அளவுக்கு இளக்கமாக இருந்தும், பம்ப் உறிஞ்ச முடியாத அளவுக்கு ஆயில் கூழாகி நிற்கக்கூடும். 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் பகுதியில் இதுதான் நடந்தது. வெப்பநிலை மெதுமெதுவாக இறங்கியதில் சில ஆயில்களுக்குள் இருந்த மெழுகு வலைபோல் பின்னிக்கொண்டு, ஆயில் முழுவதும் கூழாக இறுகியது. எஞ்சின்கள் கிளம்பின. பம்ப் தன்னைச் சுற்றியிருந்த கொஞ்சம் ஆயிலை உறிஞ்சியதும் அங்கே ஒரு குழி விழுந்தது. சுற்றியிருந்த ஆயில் வழிந்து வந்து அதை நிரப்பவில்லை. பம்ப் காற்றை இழுத்தது. ஆயில் இல்லாமல் ஓடிய எஞ்சின்கள் பழுதாயின. அந்த ஆயில்கள் அப்போதிருந்த சோதனைகளில் தேறியவைதான். வேகமாகக் குளிரவைத்துப் பார்த்ததில் இந்தக் குறை வெளிப்படவில்லை. அதன் பிறகுதான் இரண்டு நாளளவு மெதுவாகக் குளிரவைத்துப் பார்க்கும் சோதனை வந்தது. இன்று 5டபிள்யூ ஆயில் மைனஸ் 35இலும், 10டபிள்யூ மைனஸ் 30இலும், 15டபிள்யூ மைனஸ் 25இலும் இந்தச் சோதனையில் தேற வேண்டும்.

இதனால்தான் ஆயில் விவரத்தாளில் இருக்கும் 'போர் பாயின்ட்' எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன். "இந்த ஆயில் மைனஸ் 39 வரை உறையாது" என்றால், அந்த வெப்பநிலை வரை ஜாடியைச் சாய்த்தால் ஆயில் கொஞ்சம் அசைகிறது என்பது மட்டுமே பொருள். பம்ப் அதை இழுக்குமா, பேரிங்குக்குப் போய்ச் சேருமா என்பதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

சோதனை எல்லாம் புது ஆயிலுக்குத்தான். உங்கள் எஞ்சினில் இருப்பதோ சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில். டீசல் எஞ்சின், அதிலும் பழைய வகை, கரிப்புகையை ஆயிலுக்குள் ஏராளமாகக் கலக்கும். கரி சேரச் சேர ஆயில் குளிரில் இன்னும் இறுகும். ஆகவே சோதனை வெப்பநிலையிலிருந்து 5 முதல் 10 டிகிரி வரை உங்கள் பக்கம் தள்ளிக் கணக்குப் போடுங்கள். என் கணக்கு இப்படி: குளிர்காலத்தில் மைனஸ் 10க்குக் கீழே போகாத இடம் என்றால் 15டபிள்யூ போதும். மைனஸ் 15 அல்லது 18 வரை என்றால் 10டபிள்யூ. அதற்கும் கீழே மைனஸ் 25 வரை என்றால் 5டபிள்யூ. மைனஸ் 25க்குக் கீழே வாரக்கணக்கில் நிற்கும் இடங்களில் 0டபிள்யூ. சராசரிக் குளிரைப் பார்க்காதீர்கள். ஆண்டில் சில காலைகளே வரும் அந்த மிகக் குளிரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டில் எது என்று தடுமாறினால் சிறிய எண்ணையே எடுங்கள். முதல் எண்ணைக் குறைப்பதால் சூடான எஞ்சினுக்குப் பெரிய இழப்பு இல்லை. 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டும் 100 டிகிரியில் ஒரே எல்லைக்குள்தான் இருக்கும்.

இரண்டாம் எண்: சூட்டில் நடப்பது

எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு இரண்டாம் எண் பேசத் தொடங்குகிறது. 40 என்றால் 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 30 என்றால் 9.3 முதல் 12.5. 50 என்றால் 16.3 முதல் 21.9. மைனஸ் 30இல் இருக்கும் அதே 5டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரிக்கு வரும்போது பல நூறு மடங்கு இளகியிருக்கும். 40 என்ற எண்ணைப் பார்த்து "இது கெட்டியான ஆயில்" என்று பயப்பட வேண்டாம். எந்த ஆயிலும் குளிர்ந்த நிலையில் இருப்பதைவிடச் சூட்டில் மிக மிக இளக்கமாகத்தான் இருக்கும். 40 ஆயில் அப்படி இளகும்போது 30 ஆயிலைவிடச் சற்றுக் குறைவாக இளகி நிற்கும்.

பழைய டீசலுக்கு இந்தச் 'சற்றுக் குறைவு' பெறுமானம் உள்ளது. பேரிங்குகளுக்கு நடுவில் உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். பழைய எஞ்சின்களின் பேரிங் இடைவெளிகள் அந்தக் காலத்து ஆயில்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. எரிபொருள் மிச்சப்படுத்துவதற்காக இன்று வரும் 0டபிள்யூ-20 போன்ற மிக மெல்லிய ஆயில்கள் அந்த எஞ்சின்களுக்கானவை அல்ல. 0டபிள்யூ என்று பார்த்ததும் குளிருக்கு நல்லது என்று அதை எடுத்துவிடக் கூடாது. 0டபிள்யூ-40 வேறு, 0டபிள்யூ-20 வேறு.

டப்பாவின் முகப்பில் இல்லாத ஓர் எண்ணையும் இங்கே சொல்ல வேண்டும். எச்டிஎச்எஸ் என்பார்கள். 150 டிகிரி சூட்டில், வேகமாக உரசப்படும் நிலையில், ஆயில் படலம் எவ்வளவு தாங்குகிறது என்பதன் அளவு அது. பழைய டீசல் கார்களுக்கு இது 3.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பான கோடு. 40 ஆயில்கள் இன்றைய தரப்படி இதைத் தாண்டியே இருக்கும். சிக்கல் 30இல் வருகிறது. கடையில் ஒரே அலமாரியில் இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்கள் இருக்கும். ஒன்று ஏசிஇஏ எனும் ஐரோப்பியத் தரவரிசையில் சி3 தரம், அது 3.5 அல்லது அதற்கு மேல். இன்னொன்று ஏ5/பி5 தரம், அது 2.9க்கும் 3.5க்கும் நடுவில். முகப்பு எண் ஒன்றுதான், உள்ளே இருக்கும் ஆயில் வேறு. உங்கள் எஞ்சினின் கையேடு வெளிப்படையாக அனுமதிக்காத வரை இரண்டாவதைத் தொட வேண்டாம்.

50க்குப் போகலாமா என்ற கேள்வி ஆயில் குடிக்கும் வண்டிக்காரர்களிடமிருந்து வரும். முழுச் சூட்டில் ஆயில் பிரஷர் குறைகிறது, ஆயிலும் குறைந்துகொண்டே போகிறது என்றால், கோடையில் அது ஒரு தற்காலிக வழி. 5டபிள்யூ-50 போல குளிரிலும் இளகிச் சூட்டிலும் தாங்கும் அகலமான ஆயில் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடைவெளி அகல அகல, அதைச் சாத்தியமாக்கும் பாலிமர் சேர்க்கை ஆயிலில் கூடுதலாக வேண்டியிருக்கும். அந்த நீண்ட மூலக்கூறுகள் எஞ்சினுக்குள் அறுபட்டு அறுபட்டு, ஆயில் தன் இரண்டாம் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். நான் பரிந்துரைப்பது நல்ல 5டபிள்யூ-40தான்.

டீசலுக்கான ஆயில்தானா?

பாகுநிலை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும் செய்யப்பட்ட ஆயிலும் 5டபிள்யூ-40 என்ற அதே பெயரில் வரும். டீசல் ஆயிலுக்குக் கூடுதலாக இரண்டு வேலைகள் உண்டு. கரித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்கவைப்பது ஒன்று. எரிபொருளின் கந்தகத்தால் உண்டாகும் அமிலத்தை முறிப்பது இன்னொன்று. ஆயில் மாற்றிய சில நாளில் டிப்ஸ்டிக்கில் கறுப்பாகத் தெரிவது பழைய டீசலில் வழக்கமானது. கரியை அது படியவிடாமல் தன்னுள் வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, பயப்பட ஒன்றுமில்லை.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க ஏபிஐ தரத்தில் டீசலுக்கானவை சி என்ற எழுத்தில் தொடங்கும். எஸ் என்று தொடங்குபவை பெட்ரோலுக்கு. பழைய கையேட்டில் சிஎஃப் என்றோ சிஎஃப்-4 என்றோ போட்டிருக்கலாம். அவை 1990களின் தரங்கள். அதற்குப் பின் வந்த சிஎச்-4, 2002இல் வந்த சிஐ-4, 2016 இறுதியில் வந்த சிகே-4 போன்றவை முந்தையவற்றின் இடத்தை நிரப்பும்படி அமைக்கப்பட்டவை. சிகே-4உடன் சேர்ந்தே வந்த எஃப்ஏ-4 மட்டும் விலக்கு. அது புதிய லாரி எஞ்சின்களுக்கான மெல்லிய ஆயில்; பழைய எஞ்சினுக்கு ஆகாது.

ஐரோப்பிய ஏசிஇஏ தரத்தில் கார் டீசலுக்கானது பி என்ற எழுத்து. ஏ3/பி4 என்று போட்டிருந்தால் பெரும்பாலான பழைய டீசல் கார்களுக்குப் பொருந்தும். கனரக வாகனங்களுக்கான சிந்தெடிக் 5டபிள்யூ-40 டீசல் ஆயில்களும் குளிர் நாடுகளில் கிடைக்கின்றன. டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி இல்லாத, கரி அதிகம் உண்டாக்கும் பழைய எஞ்சின்களுக்கு அவற்றை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். கரியைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை அவை. பழைய வகை டாப்பெட்டுகள் கேம் மீது நேராக உரசும் எஞ்சின்களுக்குத் தேவையான துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கையும் அவற்றில் போதிய அளவு இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே தயாரிப்பாளரின் சொந்தத் தரம் இருந்தால் அதுவே இறுதி. ஃபோக்ஸ்வாகனின் யூனிட் இன்ஜெக்டர் டிடிஐ எஞ்சின்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் டீசலைத் தெளிக்கும் அழுத்தத்தை உண்டாக்குவதே கேம் ஷாஃப்ட்தான். அந்த அழுத்தம் 2,000 பாரைத் தாண்டும். அவ்வளவு சுமையைத் தாங்கும் ஆயிலுக்கு 505.01 என்ற தனித் தரம் வைத்தார்கள். பொதுவான 5டபிள்யூ-40 ஒன்றை ஊற்றினால் அந்த எஞ்சின்களின் கேம் முனைகள் தேய்ந்துபோகக்கூடும். மெர்சிடிஸுக்கும் 229.3, 229.5 என்பது போன்ற எண்கள் உண்டு. டப்பாவில் "ஒப்புதல் பெற்றது" என்று எழுதியிருப்பதும் "இந்தத் தரம் தேவைப்படும் வண்டிகளுக்கு ஏற்றது" என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல. முதலாவதை வாகன நிறுவனம் சோதித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது.

உங்கள் கார் 2000க்குப் பிறகு வந்தது என்றால் டிபிஎஃப் இருக்கிறதா என்று பாருங்கள். புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி அது. கரி எரிந்துவிடும், ஆயிலின் சேர்க்கைப் பொருள்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிச் சேர்ந்து வடிகட்டியை அடைத்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஏசிஇஏ சி வகை ஆயில் வேண்டும். அதிலும் சி3யில் பார்ப்பது பெரும்பாலும் பொருந்தும். டிபிஎஃப் இல்லாத வண்டியில் இந்தக் கவலையே இல்லை.

சிந்தெடிக் ஊற்றினால் ஒழுகுமா?

மினரல் ஆயில் கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்து எடுப்பது. எவ்வளவு சுத்திகரித்தாலும் அதில் மெழுகு கொஞ்சம் தங்கும். குளிரில் அதுதான் எதிரி. சிந்தெடிக்கில் அந்த மெழுகு இல்லை அல்லது மிகக் குறைவு. 0டபிள்யூ, 5டபிள்யூ வகுப்பு ஆயில்கள் சிந்தெடிக்காகவோ சிந்தெடிக் கலந்தவையாகவோ இருப்பது இதனால்தான். கடும் குளிரில் வாழும் பழைய டீசலுக்கு இது ஆடம்பரம் அல்ல.

"பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தினா சீல் எல்லாம் போயிடும்" என்ற பயம் பரவலாக இருக்கிறது. இதற்கு ஒரு வேர் உண்டு. ஆரம்பகால சிந்தெடிக் ஆயில்கள் சில ரப்பர் சீல்களைச் சுருங்கவைத்தன. இன்றைய ஆயில்களில் அதைச் சரிக்கட்டும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. ஆனாலும் ஏற்கெனவே காய்ந்து விரிசல்விட்ட சீலைச் சுற்றிப் பல ஆண்டுக் கசடு படிந்து அடைப்பாக நின்றிருந்தால், நல்ல ஆயில் அந்தக் கசடைக் கரைக்கும். மறைந்திருந்த ஒழுகல் தெரியவரும். அந்த நிலையில் மாற்ற வேண்டியது சீலைத்தான். வண்டியின் வரலாறு தெரியாமல் வாங்கியிருந்தால் ஒரு வழி செய்யலாம்: குளிர் வருவதற்குச் சில மாதம் முன்பே 10டபிள்யூ-40 செமி சிந்தெடிக் ஊற்றி ஓட்டுங்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக அதை இறக்கிவிட்டு, ஃபில்டரையும் மாற்றி, பிறகு 5டபிள்யூ-40க்குப் போங்கள். கரையும் கசடு முதல் ஆயிலோடும் முதல் ஃபில்டரோடும் போய்விடும்.

கையேடு சொல்வதும் இன்று கிடைப்பதும்

பழைய கார்களின் கையேட்டில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். ஒரு பக்கம் வெப்பநிலைக் கோடு, அதன் அருகே எந்த வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று பட்டைகள். கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு ஆயில் மாற்றச் சொல்லியிருக்கும். அந்தக் கையேடு எழுதப்பட்ட காலத்தில் கிடைத்த ஆயில்களை வைத்துத்தான் அந்தப் படம் வரையப்பட்டது. 1980களில் 5டபிள்யூ-40 எளிதில் கிடைக்காததால் அது அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இல்லை என்பதால் அது தடைசெய்யப்பட்டது என்று ஆகாது. கோடைக்கு 15டபிள்யூ-40, கடும் குளிருக்கு 5டபிள்யூ-30 என்று கையேடு சொன்னால், இன்றைய ஒரு 5டபிள்யூ-40 அந்த இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும். கையேட்டின் தரக் குறியீட்டை மட்டும் விடாமல் பார்த்துப் பொருத்துங்கள்.

கிளம்பாததற்கெல்லாம் ஆயில் காரணம் அல்ல

ஆயிலை மாற்றுவதற்கு முன் வண்டி எப்படி மறுக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்டார்ட்டர் முக்கி முக்கி மெதுவாகச் சுற்றினால் ஆயில், பேட்டரி, அல்லது அதன் கேபிள் இணைப்புகள். ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றியும் எஞ்சின் பற்றாமல், பின்னால் வெள்ளைப் புகை மட்டும் வந்தால், குளோ பிளக்கையும் கம்ப்ரெஷனையும் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றி இதற்குப் பயனில்லை. நன்றாகக் கிளம்பிச் சில நிமிடத்தில் திணறி நின்றுவிட்டால், பெரும்பாலும் டீசலுக்குள் இருக்கும் மெழுகு உறைந்து எரிபொருள் ஃபில்டரை அடைத்திருக்கும். குளிர்காலத்துக்கான டீசலை நிரப்புவதுதான் அதற்கு வழி.

மைனஸ் 25க்குக் கீழே அடிக்கடி போகும் இடங்களில் பிளாக் ஹீட்டர் ஒன்றைப் பொருத்துவதை நான் வலியுறுத்துவேன். எஞ்சின் பிளாக்கில் உள்ள கூலன்ட்டைச் சூடேற்றும் சிறு மின்கருவி அது. சம்ப்பின் அடியில் ஒட்டும் ஹீட்டர்களும் உண்டு. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் கனடாவிலும் இவை சாதாரணமான சாதனங்கள். நல்ல ஆயிலும் ஹீட்டரும் சேர்ந்தால் பழைய டீசலும் கடும் குளிரில் தயங்காமல் கிளம்பும்.

கிளம்பிய பிறகு நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. டீசல் எஞ்சின் ஐடிலிங்கில் மிக மெதுவாகத்தான் சூடாகும். அந்த நேரம் முழுவதும் சரியாக எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்குள் இறங்கும். அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணைந்ததை உறுதி செய்துகொண்டு, ஆக்சிலரேட்டரை அதிகம் அழுத்தாமல் மென்மையாக ஓட்டத் தொடங்குங்கள். டர்போ உள்ள வண்டியில் இது இரட்டிப்பாக முக்கியம். டர்போவின் பேரிங் ஆயில் வந்து சேருவதற்காகக் காத்திருக்கிறது. இறுகிய ஆயில் ஃபில்டரைக் கடக்க முடியாதபோது அதன் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில்தான் முதலில் உள்ளே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். டேஷ்போர்டு முள் காட்டுவது கூலன்ட்டின் சூடு. ஆயில் அதைவிடத் தாமதமாகத்தான் சூடாகும். முள் நடுவுக்கு வந்ததும் விரட்ட வேண்டாம்.

ஆயில் மாற்றுவதைக் குளிர் தொடங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் கரி சேர்ந்த ஆயிலோடு மைனஸ் 20ஐச் சந்திப்பது சரியல்ல. தினமும் குறைந்த தூரமே ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் கணக்கை நம்பாமல், கையேட்டில் கடின உபயோகத்துக்குச் சொன்ன இடைவெளியைப் பின்பற்ற வேண்டும்.

வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவது எல்லோருக்கும் கவலை தரும். ஆனால் குளிர்காலத்தில் மட்டம் ஏறினால்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். ஊற்றாமலே ஏறுகிறது என்றால் பெரும்பாலும் டீசல் கலக்கிறது என்று பொருள்; ஆயில் நீர்த்துப்போய்க்கொண்டிருக்கிறது. மட்டம் மிகவும் ஏறிவிட்டால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும் அபாயமும் உண்டு. உடனே ஆயிலை மாற்றிவிட்டு இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் வெண்மையான பசை படிந்திருந்தால், குறுகிய பயணங்களில் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்ததாக இருக்கலாம். ஒரு நீண்ட ஓட்டத்தில் அது போய்விடும். போகாமல் இருந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

டிக்கியில் அதே ஆயிலில் ஒரு லிட்டர் எப்போதும் இருக்கட்டும். வழியில் அது தீர்ந்து வேறு ஆயில்தான் கிடைக்கிறது என்றால், டீசலுக்கான தரம் உள்ள எதையும் கொஞ்சம் ஊற்றி ஊர் போய்ச் சேரலாம். எஞ்சின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்யப்படுகின்றன. மட்டம் குறைந்து ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல். பெரிய முதல் எண் உள்ள ஆயிலைக் கலந்திருந்தால் மட்டும், அடுத்த கடும் குளிருக்கு முன் அதை இறக்கிவிட்டு உங்கள் வழக்கமான ஆயிலை நிரப்பிவிடுங்கள்.